இன்சூரன்ஸ் ஏஜென்சி மேலும் கம்பெனி மேலும் ஃபெடரல் கோர்ட்டில் வழக்கு: போவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

2024 ஜூலை 8 காலை பெரில் புயல் ஹூஸ்டனைக் கடந்து போனது. மதியம் போய் ஓட்டல் கதவைத் திறந்தோம். கூரை ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது. சமையலறைக்கு மேலே சீலிங் பலகை ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக்கூடச் சமாளித்திருப்போம். கரண்ட் ஏழு நாள் வரவில்லை. வாக்-இன் ஃப்ரீசரில் மீன், கறி, உறையவைத்த பரோட்டா. கூலரில் இருபது வாளி இட்லி மாவு. மூன்றாம் நாள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு தரையெல்லாம் வழிந்தது. அந்தப் புளித்த வாடை போக ஒரு மாதம் ஆனது.

கூரை, உள்வேலை, கெட்டுப்போன சரக்கு, மூடிக் கிடந்த நாட்களின் வருமானம் எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம் டாலர் கேட்டோம். வந்தது 19 ஆயிரம். “கூரை பழசு, தேய்மானம். கரண்ட் போனது உங்கள் கட்டடத்துக்கு வெளியே, பாலிசியில் அது கிடையாது” என்று கடிதம். “கரண்ட் போனாலும் கவர் ஆகும்” என்று சொல்லி விற்ற ஏஜென்சியோ போனை எடுப்பதையே நிறுத்திவிட்டது. கடைசியில் ஏஜென்சி, இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகள் என்று மூவர் மேலும் டெக்சாஸ் தெற்கு மாவட்ட ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். புயலிலிருந்து செக் கைக்கு வரும் வரை ஒன்றரை வருஷம்.

நான் வக்கீல் இல்லை, ஓட்டல்காரன். கீழே உள்ளதில் ஃபெடரல் கோர்ட் நடைமுறை அமெரிக்கா முழுக்கப் பெரும்பாலும் ஒன்றுதான். வழக்குப் போடும் காலக்கெடு, நோட்டீஸ், வக்கீல் செலவு சம்பந்தப்பட்டதெல்லாம் டெக்சாஸ் சட்டம். ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனாலும் உங்கள் பாலிசிக்குப் பொருந்துவது மாநிலச் சட்டம்தான். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. முழுப் பாலிசியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

நம்மில் பலர் பாலிசி என்று ஃபைலில் வைத்திருப்பது டிக்ளரேஷன்ஸ் என்ற இரண்டு மூன்று பக்கச் சுருக்கம்தான். சிலரிடம் கட்டட உரிமையாளருக்குக் கொடுத்த சர்ட்டிஃபிகேட் மட்டும் இருக்கும். சர்ட்டிஃபிகேட் எந்த உரிமையும் தராது. சான்றளிக்கப்பட்ட முழு நகல், எல்லா எண்டார்ஸ்மென்டும் (பாலிசியைக் கூட்டியோ குறைத்தோ மாற்றும் இணைப்புத் தாள்) சேர்த்து, கூடவே நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பம். இவற்றைக் கம்பெனியிடமும் ஏஜென்சியிடமும் தனித்தனியாக ஈமெயிலில் கேளுங்கள். எங்களுடையது 138 பக்கம் வந்தது.

படிக்கும்போது முதலில் தேட வேண்டியது காற்று, ஆலங்கட்டிக்கான டிடக்டிபிள், அதாவது இழப்பில் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை. இழப்பில் 2 சதவீதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பீடு செய்த மொத்தத் தொகையில் 2 சதவீதம். 12 லட்சத்துக்கு இன்சூர் செய்திருந்தால் முதல் 24 ஆயிரம் உங்கள் பையிலிருந்து போகும்.

அடுத்தது கோஇன்சூரன்ஸ். 10 லட்சம் மதிப்புள்ள கட்டடம், 80 சதவீத நிபந்தனை என்றால் குறைந்தது 8 லட்சத்துக்கு இன்சூர் செய்திருக்க வேண்டும். பிரீமியம் மிச்சம் என்று அதில் பாதி, 4 லட்சத்துக்குச் செய்திருந்தால், 2 லட்சம் இழப்புக்கும் பாதி, ஒரு லட்சம்தான் கணக்கு, அதிலும் டிடக்டிபிள் கழியும். ஏஜென்ட் யாரும் இதை வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

பிறகு யுடிலிட்டி சர்வீசஸ் எண்டார்ஸ்மென்ட். வெளியே எங்கோ மின்கம்பம் சாய்ந்ததால் வரும் இழப்புக்கு இது இருந்தால்தான் பணம். இருந்தாலும், தலைக்கு மேலே போகும் மின்கம்பிகள் சேராது என்று ஒரு வரி இருக்கலாம். ஹூஸ்டனில் அந்த வாரம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருளில் கிடந்தன. மேலே போகும் கம்பிகள் சேராவிட்டால் அந்த எண்டார்ஸ்மென்டால் என்ன பயன் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில்தான் எனக்கு அடி விழுந்தது. வெளி மின்தடைக்குக் காப்பீடு வேண்டுமா என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று டிக் அடிக்கப்பட்டிருந்தது. அடித்தது நான் இல்லை. ஆனால் கீழே என் மின்கையெழுத்து. மதிய கூட்டத்தில் பில் போட்டுக்கொண்டே போனில் தட்டிவிட்ட கையெழுத்து அது.

2. தேதிகளைச் சுவரில் ஒட்டுங்கள்

டெக்சாசில் ஏஜென்டின் அலட்சியத்துக்கும், இன்சூரன்ஸ் சட்டத்தின் 541ஆம் அத்தியாயப்படி பொய் சொல்லி விற்றதற்கும் இரண்டு வருஷம். ஒப்பந்த மீறலுக்குச் சட்டம் நான்கு வருஷம் தருகிறது. ஆனால் பாலிசிக்குள்ளேயே ‘இரண்டு வருஷம் ஒரு நாள்’ என்று சுருக்கி எழுதியிருப்பார்கள், அது செல்லும். சில மாநிலங்களில் பாலிசி ஒரே வருஷம்கூடச் சொல்லும். ஆக இரண்டு வருஷத்தைக் கெடுவாக வைத்துக்கொண்டு, அதற்கும் ஆறு மாதம் முன்னால் வேலையை முடியுங்கள்.

மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம், செலவில்லை, கம்பெனி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் பிறகு உதவும். ஆனால் புகார் கொடுத்ததால் கடிகாரம் நிற்காது. சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் “ரீ-இன்ஸ்பெக்‌ஷன் பண்றோம், கொஞ்சம் பொறுங்க” என்று சொன்னாலும் நிற்காது.

வெள்ளத்துக்கு ஃபெடரல் திட்டப் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: இழப்பு நாளிலிருந்து 60 நாளில் சத்தியப் பிரமாணத்தோடு இழப்பு விவரம் கொடுக்க வேண்டும், மறுப்புக் கடிதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் வழக்கு, அதுவும் ஃபெடரல் கோர்ட்டில் மட்டும். இங்கே சொல்லும் மாநிலச் சட்டச் சலுகைகளை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

3. “பாத்துக்கலாம்ணே”: ஏஜென்டோடு பேசியதைப் பாதுகாத்து வையுங்கள்

டெக்சாசில் ஏஜென்டுக்குச் சட்டம் வைக்கும் கடமை ரொம்பக் குறைவு. நீங்கள் கேட்ட காப்பீட்டை வாங்கித்தர நியாயமாக முயல வேண்டும், கிடைக்காவிட்டால் உடனே சொல்ல வேண்டும். உங்களுக்கு என்ன தேவை என்று தானாக யோசித்துச் சொல்லும் கடமை பொதுவாகக் கிடையாது. ஆகவே “எனக்குத் தெரியாது, அவர்தான் சொல்லியிருக்கணும்” என்று ஆரம்பித்தால் வழக்கு அங்கேயே தடுமாறும். “நான் கேட்டேன்” என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

எங்கள் ஏஜென்ட் நியூ ஜெர்சியில் இருந்த நம்ம ஊர்ப் பையன். எல்லாம் வாட்ஸ்அப், பாதி வாய்ஸ் நோட். “தம்பி, கரண்ட் போய் சரக்கு கெட்டா வருமா?” என்று நான் கேட்டதும், “அதெல்லாம் கவர்ணே, கரண்ட் போனாலும் வரும். பாத்துக்கலாம்ணே, கவலைப்படாதீங்க” என்று அவர் சொன்னதும் 2023 மார்ச் வாய்ஸ் நோட்டில் இருந்தது. வழக்கின் உயிரே அந்தப் பதினோரு விநாடிதான்.

கோர்ட்டுக்குத் தமிழ் புரியாது. சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். எங்கள் மொழிபெயர்ப்பாளர் ‘பாத்துக்கலாம்’ என்பதை ‘நாங்கள் கவனித்துக்கொள்கிறோம்’ என்ற பொருளில் ஆங்கிலப்படுத்தினார். எதிர்தரப்பு ஆள் வைத்து ‘பிறகு பார்ப்போம்’ என்று கொண்டுவந்தது. இரண்டும் தமிழில் சரிதானே! அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு தரப்பும் செலவழித்ததை வைத்து ஒரு கிரைண்டர் வாங்கியிருக்கலாம். நம்மைக் காப்பாற்றியது அதற்கு முந்தைய வாக்கியம்.

செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. தானாக அழியும் வசதியை அணைத்துவிடுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பாதகமான செய்தியையும் அழிக்கக் கூடாது. அழித்தது தெரிந்தால் நீதிபதி உங்களையே தண்டிக்கலாம்.

4. யார் எந்த மாநிலத்தவர்? கோர்ட்டுக்குள் நுழைய இதுதான் சாவி

இந்த ஒரு இடத்தில் எங்களுக்கு நான்கு மாதமும் ஏறக்குறைய 9 ஆயிரம் டாலரும் வீண். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இன்சூரன்ஸ் தகராறு மாநிலச் சட்ட விஷயம். அதை ஃபெடரல் கோர்ட் எடுத்துக்கொள்ள இரண்டு நிபந்தனை. ஒன்று, வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது, ஒருவர் பொருந்தினாலும் போச்சு. இரண்டு, தொகை 75 ஆயிரம் டாலருக்கு மேல்.

கார்ப்பரேஷன் என்றால் அது பதிவான மாநிலம், தலைமை அலுவலகம் இருக்கும் மாநிலம், இரண்டுக்கும் உரியது. எல்.எல்.சி. (லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி) அப்படி இல்லை. எங்கே பதிவு செய்தீர்கள் என்பது கணக்கிலேயே வராது. பங்குதாரர் ஒவ்வொருவரும் எந்த மாநிலத்தவரோ, எல்.எல்.சி.யும் அத்தனை மாநிலத்துக்கும் உரியது. பச்சை அட்டைக்காரர் வெளிநாட்டுக் குடிமகன்தான் என்றாலும், எதிராளி இருக்கும் மாநிலத்திலேயே அவர் நிரந்தரமாகக் குடியிருந்தால் வழக்கு நிற்காது.

எங்கள் ஓட்டலை நடத்தும் எல்.எல்.சி.யில் ஆரம்பத்தில் மச்சானுக்கு 5 சதவீதம் இருந்தது. மச்சான் நியூ ஜெர்சியில், பச்சை அட்டையில். ஏஜென்சியும் நியூ ஜெர்சி. 2021இலேயே பங்கை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் டெக்சாஸ் ஃப்ரான்சைஸ் வரியோடு வருஷாவருஷம் கொடுக்கும் பப்ளிக் இன்ஃபர்மேஷன் ரிப்போர்ட்டில், போன வருஷத்துத் தாளைப் பார்த்தே நிரப்பியதால், அவர் பெயர் அப்படியே போய்க்கொண்டிருந்தது. எதிர்தரப்பு வக்கீல் அதைத் தோண்டி எடுத்து, கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்று மனுப் போட்டார்.

பங்கை மாற்றிய காகிதம், அந்த வருஷத்தோடு முடிந்த கே-1 படிவம் (பங்குதாரரின் பங்கைக் காட்டும் வரிப் படிவம்), மச்சானின் பிரமாணப் பத்திரம் மூன்றையும் கொடுத்துத் தப்பித்தோம். காகிதத்தைத் தேடியது நானில்லை, என் மனைவி. கொலுப் பொம்மைப் பெட்டிக்கு அடியில் இருந்தது. வழக்குப் போட்ட பிறகு பங்கை மாற்றிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், போட்ட நாளின் நிலைதான் கணக்கு. இரு தரப்பும் சம்மதித்தாலும் அதிகாரம் வராது. தீர்ப்புக்குப் பிறகுகூட இதைக் கிளப்பலாம். அப்படித் தள்ளுபடியானால் டெக்சாசில் 60 நாளுக்குள் மாநில கோர்ட்டில் மறுபடி போட ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த 60ஐ மறக்காதீர்கள்.

2022 டிசம்பரிலிருந்து, இந்த வகை வழக்கில் ஒவ்வொரு தரப்பும் தன் பங்குதாரர்கள் எந்த மாநிலத்தவர் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒளிக்க முடியாது.

தொகையிலும் ஒரு கண்ணி. எங்கள் பாலிசியை இரண்டு கம்பெனி 60க்கு 40 என்று பங்கு போட்டிருந்தன, ஒருவர் பங்குக்கு மற்றவர் பொறுப்பில்லை. அப்படியானால் ஒவ்வொரு கம்பெனியின் பங்கும் தனித்தனியாக 75 ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். வந்த 19 ஆயிரம் போகப் பாக்கி 1 லட்சத்து 91 ஆயிரத்தில் 40 சதவீதக் கம்பெனியின் பங்கு 76,400. மூச்சு விட்டோம். லண்டன் சிண்டிகேட் (முதலீட்டாளர்கள் சேர்ந்து காப்பீடு கொடுக்கும் குழு) பாலிசி என்றால் அதற்குப் பின்னால் இருக்கும் முதலீட்டாளர்கள் எந்த ஊர் என்ற கேள்வியே தனி வழக்காகிவிடும். கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் போகச் சொல்லும் ஆர்பிட்ரேஷன் ஷரத்தும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏஜென்சி உங்கள் மாநிலத்திலேயே இருந்தால்? மாநில கோர்ட்டில் போடுங்கள். கம்பெனி அதை ஃபெடரலுக்கு இழுக்கப் பார்க்கும், சம்மன் கிடைத்து 30 நாள் அவர்களுக்கு. ஏஜென்சியைச் சும்மா சேர்த்திருக்கிறார்கள் என்று வாதாடுவார்கள். அதற்கும் பதில் மூன்றாம் படியில் சொன்ன ஆதாரம்தான்.

5. வக்கீல் இல்லாமல் முடியாது

ஃபெடரல் கோர்ட்டில் தனி மனிதர் தன் வழக்கைத் தானே நடத்தலாம். கம்பெனி, எல்.எல்.சி. முடியாது, ஒரே பங்குதாரர் என்றாலும் முடியாது. எனக்கு வந்த விலைகள்: கிடைப்பதில் 33 முதல் 40 சதவீதம், அல்லது மணிக்கு 450 டாலர். சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டால் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: ஏற்கெனவே வந்த பணத்தில் பங்கு கிடையாது, நிபுணர் செலவு யாருடையது, சதவீதத்தைக் கணக்கிடுவது செலவு கழித்தா கழிக்காமலா.

நம் தரப்பில் இழப்பை மதிப்பிட்டுக் கம்பெனியோடு பேசும் பப்ளிக் அட்ஜஸ்டர் டெக்சாசில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கூரை போடுகிறவர் “கம்பெனியிடம் நானே பேசி வாங்கித் தர்றேன்” என்றால் ஒதுங்குங்கள். தான் வேலை செய்யும் கட்டடத்துக்கு அவர் அப்படிப் பேசுவது அங்கே சட்டவிரோதம்.

6. அறுபத்தொரு நாள் நோட்டீஸ்: ஊதிப் பெருக்காதீர்கள்

புயல், ஆலங்கட்டி மாதிரி இயற்கைச் சேதத்துக்கு டெக்சாசில் வழக்குக்குக் குறைந்தது 61 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். என்ன நடந்தது, எவ்வளவு பாக்கி, இதுவரை வக்கீல் செலவு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வக்கீல் செலவைத் திரும்பப் பெறும் உரிமையே போகலாம்.

“ஐந்து லட்சம் கேட்டால்தான் இரண்டாவது வரும்” என்று நண்பர்கள் சொல்வார்கள். நோட்டீசில் கேட்ட பாலிசித் தொகையில் 80 சதவீதமாவது தீர்ப்பில் கிடைத்தால்தான் வக்கீல் செலவு முழுதாக. 20 சதவீதத்துக்குக் கீழே போனால் சுத்தமாக இல்லை. இடைப்பட்டால் அந்த விகிதம். சரக்குக் கணக்கை இன்வாய்சோடு ஒட்டிப் போடுங்கள். எங்கள் பட்டியலில் இட்லி மாவுக்கு இன்வாய்ஸ் ஏது? அரிசி, உளுந்து பில்லும் வழக்கமான வார விற்பனையும் வைத்துக் கணக்குக் காட்டினோம்.

ஏஜென்சிக்கும் அதே நாளில் நோட்டீஸ். தொழில் பிழைக்கான தனி இன்சூரன்ஸ் பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும், பணம் அங்கிருந்துதான் வரும். அந்தப் பாலிசிகள் பலவற்றில் அவர்களுடைய வக்கீல் செலவும் அதே தொகையிலிருந்து கழியும். இழுக்க இழுக்கப் பானை காலி.

7. மனு, கட்டணம், சம்மன்

கோர்ட் கட்டணம் 405 டாலர். மனுவின் கட்டமைப்பு எளிது: பாலிசியில் காப்பீடு இருக்கிறது என்றால் கம்பெனிகள் கொடுக்கட்டும், இல்லை என்றால் வாங்கித் தராத ஏஜென்சி கொடுக்கட்டும். ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தாலும் இப்படி மாற்றி மாற்றிக் கேட்க விதி இடம் தருகிறது. மூவரையும் ஒரே வழக்கில் வைப்பதன் லாபமும் அதுதான், ஆளுக்கொரு கோர்ட்டில் “அவன்தான் காரணம்” என்று கைகாட்ட முடியாது.

பொய் சொல்லி விற்றார்கள் என்றால் யார், எப்போது, எந்த வார்த்தையில் என்று எழுத வேண்டும், பொத்தாம்பொதுவாக எழுதினால் தள்ளிவிடுவார்கள். ஜூரி வேண்டுமென்றால் மனுவிலேயே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்க 14 நாள் கெடு உண்டு. சம்மன் 90 நாளுக்குள் சேர வேண்டும். நேரடி சம்மன் வேண்டாம் என்று எதிர்தரப்பு ஒப்புக்கொண்டால் செலவு மிச்சம், ஆனால் பதில் சொல்ல அவர்களுக்கு 21 நாளுக்குப் பதில் 60 நாள் கிடைக்கும்.

வழக்கின் தாள்களை ஃபெடரல் கோர்ட்டுகளின் பேசர் (PACER) தளத்தில் நீங்களே பார்க்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், காலாண்டில் 30 டாலர் வரை என்றால் பில்லே வராது. உங்கள் ஏஜென்சி மேல் வேறு யாரும் வழக்குப் போட்டிருக்கிறார்களா என்றும் தேடிப் பாருங்கள்.

8. ஆவணப் பரிமாற்றமும் வாக்குமூலமும்

முதல் சுற்றிலேயே எதிர்தரப்பு தன் இன்சூரன்ஸ் பாலிசியைக் காட்ட வேண்டும். ஆவணம் கேட்டால் 30 நாளில் பதில். நாங்கள் கேட்டதில் பயன்பட்டது அட்ஜஸ்டரின் உள்குறிப்புகளும், ஏஜென்சி கம்பெனிக்கு அனுப்பிய ஈமெயில்களும். வெளி மின்தடைக் காப்பீட்டுக்கு விலை கேட்டு ஏஜென்சியே ஒரு ஈமெயில் அனுப்பியிருந்தது. பதில் வந்த மறுநாள், அதைச் சொல்லாமல், அந்தக் காப்பீடு இல்லாத மலிவு விலையை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். டிக் அடித்த கை யாருடையது என்ற சண்டை அதோடு முடிந்தது.

வாக்குமூலம் ஒருவருக்கு ஒரு நாள், ஏழு மணி நேரம் வரை. என்னை ஆறு மணி நேரம் உட்கார வைத்தார்கள். “பாலிசி கைக்கு வந்ததும் படித்தீர்களா?” என்பதை ஏழெட்டு விதமாகக் கேட்டார்கள். படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்று சொல்லுங்கள். ‘கொஞ்சம் பார்த்தேன்’ என்று சமாளித்தால் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும். ஆங்கிலம் தெரிந்தாலும் பதற்றத்தில் தடுமாறுவீர்கள் என்றால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். என்னுடைய எழுத்துப்படிக்கு மட்டும் 1,800 டாலர் பில்.

9. சமரசமும் செக்கும்

நவம்பரில் ஒரு நாள் முழுக்க மீடியேஷன். தனித்தனி அறை, மீடியேட்டர் இங்கும் அங்கும் நடக்கிறார், மாலை ஐந்து வரை ஒன்றும் நகராது. சாப்பாடு எடுத்துப் போங்கள். தொகையைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் செக் யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கட்டடத்துக்குக் கடன் கொடுத்த பேங்க் பாலிசியில் இருந்ததால் கம்பெனியின் செக் எல்.எல்.சி., வக்கீல், பேங்க் மூன்று பெயரிலும் வந்தது. பேங்கின் இன்சூரன்ஸ் பிரிவு வேறொரு மாநிலத்தில். கூரை வேலை முடிந்த போட்டோ, கான்ட்ராக்டரின் பில், டபிள்யூ-9 என்ற வரி எண் படிவம் எல்லாம் அனுப்பி, அவர்கள் பின்பக்கம் கையெழுத்திட்டுத் திருப்பியனுப்ப ஐந்து வாரம். ஏஜென்சியின் செக்கில் அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பணம் கூரைக்கு, எது சரக்குக்கு, எது போன வருமானத்துக்கு என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதச் சொல்லுங்கள், போன வருமானத்துக்கு ஈடாக வருவது வரிக்கு உட்பட்டது. எங்களுடையதில் பிரிக்காமல் ஒரே தொகையாக எழுதிவிட்டார்கள். எங்கள் கணக்காளர் (சி.பி.ஏ.) இன்னும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.